ஸ்பிரிட் தொட்ட பஞ்சு

2002 முதல் 2007 வரை லாகோஸில், மருந்து இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். இந்தியாவிலிருந்து வரும் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஊசிக்கும் நைஜீரியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கில் எண் வாங்குவது என் பொறுப்பு. அந்த எண் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். சரக்கு கப்பல் ஏறும் முன்பே இந்தியாவில் பரிசோதித்த சான்றிதழும் வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் கன்டெய்னர் அபாபா துறைமுகத்தில் வெயிலில் கிடக்கும்.

2001இல் நாஃப்டாக்கின் தலைமைக்கு வந்தவர் டோரா அகுன்யிலி. மருந்தியல் பேராசிரியர். எங்கள் வட்டாரத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘மேடம்’ என்றால் போதும். ‘மேடம் ஆட்கள் இடுமோட்டாவில் இறங்கிவிட்டார்கள்’ என்று போன் வந்தால், அந்த மருந்துச் சந்தையில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கும். பிடிபட்ட போலி மருந்துகளை ஊர் பார்க்கக் குவித்து எரித்தார்கள். போலி சரக்கு அனுப்பிய இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு நைஜீரியச் சந்தையே மூடப்பட்டது. அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான். இந்த அம்மா ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறார் என்று வீட்டுக்கு எழுதிய கடிதங்களில்கூடப் புலம்பியிருக்கிறேன்.

2004இல் ஒருநாள் எங்கள் குடோன் பொறுப்பாளர், இக்போ இனத்துப் பெரியவர் ஒருவர், இடுமோட்டாவில் வாங்கிய பெட்டி ஒன்றை என் மேசையில் வைத்தார். எங்கள் மலேரியா மாத்திரை. அதே நீலப் பட்டை, அதே நாஃப்டாக் எண். ‘பாரு ஓகா’ என்றார், ஓகா என்றால் அங்கே முதலாளி. வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்ச் எண்ணில் எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி துளி கூடுதல், அவ்வளவுதான். அவர் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பெட்டியையும் துடைத்தார். எங்கள் அட்டையில் வார்னிஷ் பூச்சு இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. மற்றதில் நீலப் பட்டை கரைந்து பஞ்சோடு வந்தது. எழுத்துக்களும் வந்தன. மாத்திரையை நகத்தால் சுரண்டினேன், சாக்பீஸ் போல உதிர்ந்தது.

விஷயம் மேலே போனது. ‘வெளியே தெரிந்தால் அசல் சரக்கும் விற்காது, கொஞ்சம் பொறு’ என்றார்கள். பொறுத்தேன். நான்கு நாள். ஐந்தாம் நாள்தான் நாஃப்டாக்குக்குக் கடிதம் கொண்டுபோனேன். அந்த நான்கு நாளில் எத்தனை குழந்தைகளின் வாயில் அந்தச் சுண்ணாம்பு போனதோ. இன்றும் ராத்திரியில் அந்தக் கணக்கு வந்து நிற்கும்.

டோராவின் தங்கை விவியன் சர்க்கரை நோயாளி என்பதும், 1988இல் போலி இன்சுலின் போட்டதால் இறந்தார் என்பதும் எனக்கு முன்பே தெரியும். பத்திரிகையில் படித்திருந்தேன். 2003 டிசம்பரில் டோராவின் காரைச் சுட்டார்கள், குண்டு தலைத்துணியைத் துளைத்து உச்சியை உரசிக்கொண்டு போனது என்பதும் தெரியும். தெரிந்து என்ன? அந்தப் பஞ்சைப் பார்த்த பிறகுதான் அவருடைய முரண்டு எனக்குப் புரிந்தது. 2014இல் அவர் புற்றுநோயில் காலமானார், அதுவும் இந்தியாவில், ஒரு மருத்துவமனையில். செய்தி வந்த அன்று வேலை ஓடவில்லை.

அப்புறம் பல வருடம் கழித்து லண்டனில் இருக்கும் மகள் ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி என்று சுவரில் எழுதியிருந்தது. நடுப்பெயரிலேயே நின்றுவிட்டேன். ஆமாம், மேடத்தின் மகள்தான். 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து, 16 வயதில் அமெரிக்கா போனவர். டாக்டராகும் எண்ணத்தில் உயிரியல் படித்து, கூடவே ஓவியமும் படித்து, ஓவியத்தோடு நின்றுவிட்டவர். 2017இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் விருது பெற்றவர்.

ஆள் உயரத்தைத் தாண்டும் தாள்கள். சட்டமில்லை, கண்ணாடியில்லை, சுவரில் அப்படியே பொருத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வரவேற்பறை, மேசை, உட்கார்ந்திருக்கும் பெண், அமைதியான வண்ணங்கள். கிட்டே போனால் சுவரும் தரையும் பெண்ணின் தோலும்கூடச் சின்னச் சின்ன போட்டோக்களாகப் பிரிகின்றன. நைஜீரிய வாரப் பத்திரிகைகளின் பக்கங்கள், பாட்டு ஆல்பங்களின் அட்டைகள், கல்யாண போட்டோக்கள், அரசியல்வாதிகள், விளம்பரங்கள். இதை எப்படிச் செய்கிறார் என்று மகள் படித்துச் சொன்னாள். படத்தை அச்செடுத்து, தாளைக் கவிழ்த்து வைத்து, முதுகில் அசிட்டோன் தடவித் தேய்க்கிறாராம். மை கரைந்து கீழே உள்ள தாளில் இறங்கிக்கொள்ளும். அதன்மேல் அக்ரிலிக், கரி, கலர் பென்சில்.

எனக்கு உடனே அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது. அன்று என் மேசையில் திரவம் பட்டு மை கழன்றபோது ஒரு பொய் வெளியே வந்தது. இங்கே அதே மாதிரி கழன்ற மையை ஒரு பெண் பத்திரமாக இன்னொரு தாளில் இறக்கி, தன் ஊரை, தான் விட்டுவந்த வீட்டைத் தக்கவைத்திருக்கிறார். பல இடங்களில் மை முழுசாக இறங்கவில்லை. ஒரு முகத்தில் பாதிக் கன்னம்தான் இருக்கிறது. அந்த விடுபட்ட இடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தன. நானும் லாகோஸை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். தெருப்பெயர் போய்விட்டது, ஜெனரேட்டர் சத்தம் இருக்கிறது.

அன்றே அவருடைய ஓவியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை மகள் வாங்கித் தந்தாள். ‘சூப்பர் ப்ளூ ஓமோ’ என்ற ஓவியத்தில் பழைய டிவியில் சோப்புத்தூள் விளம்பரம் ஓடுகிறது, ஒரு பெண் எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அப்படி நிலைகுத்திய பார்வையோடு நானும் லாகோஸில், இகேஜா பகுதியில் இருந்த என் அறையில் எத்தனை மாலை உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் சில பக்கம் தள்ளி, ஒரு துணி. நைஜீரியாவில் கல்யாணம், சாவு, தேர்தல் எதுவானாலும் அந்த மனிதரின் முகத்தைத் துணியில் அச்சடித்து உடுத்துவார்கள். அம்மா செனட் தேர்தலில் நின்றபோது அப்படி அச்சடித்த துணியை என்ஜிடேகா தன் ஓவியங்களில் கொண்டுவந்திருக்கிறார். வரிசை வரிசையாக அதே முகம், தலையில் அதே கட்டு.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து லாகோஸில் இருக்கும் குடோன் பெரியவருக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது எண்பதுக்குப் பக்கம். பேரன் உதவியோடுதான் போன் பார்ப்பார். யாருடைய ஓவியம், எங்கே பார்த்தேன் என்று ஒன்றும் எழுதவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே வார்த்தை: ‘மேடம்.’