எங்கிட்டயும் வாங்கிக்கோங்க

சந்தா வைத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்காக நாங்கள் நடத்தும் இணையதளத்துக்கு வருஷத்துக்கு 300 ரூபாய் என்று அலுவலகத்தில் முடிவானபோது, அதற்காக அதிகம் வாதாடியவன் நான். அந்த வாதத்தில் எனக்கு இப்போதும் ஓட்டை தெரியவில்லை. ஆனாலும் காங்கயத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரோடு பேசிய போன் பேச்சு மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிந்து வரும் மோட்டாரைப் பிரித்தால் உள்ளே காயில் கருகிக் கிடக்கும். எத்தனை சுற்று, என்ன கேஜ் (கம்பியின் தடிமன்), எந்தப் பிட்ச் (ஸ்டேட்டர் என்ற இரும்புக் கூட்டில் ஒரு காயில் எத்தனை ஸ்லாட், அதாவது பள்ளம், தாண்டி உட்காரும்) என்று எண்ணி எடுக்க முடிந்தால் பாக்கியம். எண்ணினாலும், முன்பு கட்டியவர் சரியாகத்தான் கட்டினாரா என்பது தெரியாது. சுற்று குறைந்தால் சும்மா ஓடும்போதே ஆம்ப்ஸ் ஏறி மோட்டார் சுடும். கூடினால் இழுவை போய்த் தண்ணீர் மேலே வராது. ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் இறக்கிய பிறகு தப்பு தெரிந்தால், மறுபடி தூக்கும் செலவு தனி, அதுவரை காயும் வெள்ளாமை தனி. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. ஆனால் காயில் கணக்கு மட்டும் இத்தனை காலமும் பட்டறை நோட்டுகளுக்குள்ளேதான் இருந்தது. தொழில் பழக வந்த பையனுக்குக்கூட நோட்டைக் காட்டாத கடைகள் உண்டு. அந்தக் கணக்குகளை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் இடம்தான் எங்கள் தளம்.

அந்தப் பெரியவர் தன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பி, பிறகு தானே தட்டெழுதவும் கற்றுக்கொண்டவர். வெறும் எண் மட்டும் போடமாட்டார். “இந்த ஸ்டேட்டர்ல ஸ்லாட் சின்னது, கம்பி நெருக்கிப் போடாதீங்க”, “கடைசி டிரான்ஸ்பார்மர் லைன்ல இருக்கற தோட்டம்னா வோல்டேஜ் கம்மியா வரும், சுத்தக் கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்க” என்றெல்லாம் கீழே எழுதுவார். எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இல்லாத வரிகள் அவை.

பணம் எதற்கு என்று கேட்டால், சர்வர் வாடகையைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது சின்னச் செலவு. பெரிய செலவு சரிபார்ப்பது. ஒருமுறை யாரோ ஒரு பதிவில் கேஜைத் தப்பாகப் போட, அதைப் பார்த்துக் கட்டிய மோட்டார் ஒன்று திரும்ப எரிந்து வந்தது. அதற்குப் பிறகு, புதுப் பதிவு எதுவும் தொழில் தெரிந்த ஒருவர் பார்க்காமல் வெளியே போகக்கூடாது என்று வைத்தோம். அந்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும்.

வேறு வழி தேடாமலும் இல்லை. தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றதே 2018-ல்தான். ஏற்ற பிறகும் எங்கள் கூட்டத்துக்கு அதில் வந்தது சரிபார்ப்பவரின் சம்பளத்துக்குக் காணாது. அதிலும், பழைய மோட்டாரைப் பிழைக்க வைக்கிறவரின் கண்ணுக்கு முன்னால் புது மோட்டார் விளம்பரம் வந்து நின்றது. பிறகு ஒரு வைண்டிங் கம்பி வியாபாரி முழுச் செலவையும் தான் ஏற்பதாக வந்தார். ஒவ்வொரு கணக்கின் கீழும் அவர் விற்கிற கம்பியின் பெயர் வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. எந்தக் கம்பியின் எனாமல் உரிகிறது என்று உறுப்பினர்கள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் இடம் அது. அந்தப் பணத்தை வாங்கிவிட்டு அந்தப் பேச்சைக் காப்பாற்ற முடியுமா? வேண்டாம் என்று முதலில் சொன்னது நான். இப்போதும் அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

வாட்ஸ்அப் குழுவாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்றும் கேட்டார்கள். 256 பேர் என்றிருந்த வரம்பு 2022-ல் 1,024 ஆனது உண்மைதான். ஆனால் போன வருஷம் போட்ட கணக்கை இன்றைக்குத் தேடினால் அதில் அகப்படாது. போனை மாற்றினால் போயே போச்சு. ஆக, மிஞ்சியது சந்தா.

ஆரம்பத்திலிருந்து எழுதிக் கொடுத்தவர்களிடம் தனித்தனியாகச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. காங்கயத்துப் பெரியவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, அடுத்த மாசத்திலிருந்து சந்தா வைக்கறமுங்க. உங்களுக்கு வேண்டாமுங்க. உங்க பேரை நானே இலவசத்துல போட்டுடறன்.”

“ஏனுங் தம்பி, எனக்கு மட்டும் எதுக்கு?”

“நீங்க எவ்வளவு எழுதிக் குடுத்திருக்கீங்க…”

“அதுக்கு இது கூலிங்களா?”

இல்லீங்ணா, மரியாதைக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

“எங்கூர் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போடறாங்க. தேர் வடம் புடிக்கறவன், எம்பட வரியத் தள்ளிக்கோங்கன்னு கேக்கறதில்லீங்க. எல்லார்த்துக்கிட்டயும் வாங்கறதுன்னா எங்கிட்டயும் வாங்கிக்கோங்க.”

அன்றைக்குச் சாயங்காலமே ஜிபேயில் 300 ரூபாய் வந்தது. முதலில் கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

தளத்துக்கு வருகிறார், படிக்கிறார். அது எங்கள் பதிவேட்டில் தெரிகிறது. எழுதுவதில்லை. நான் இதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். சந்தா அவரைச் சுட்டது என்றால் அவர் கட்டியிருக்க வேண்டாம். வரி போடுவதே ஊர் நியாயம் என்று வாதாடியவரே அவர்தான். நான் நீட்டிய சலுகைதான் சுட்டதா? அத்தனை வருஷம் கை ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து அவர் கொடுத்ததற்கு நான் 300 ரூபாய் என்று விலை சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்குமோ? அப்படியும் சொல்ல முடியவில்லை. இலவசம் என்று சொல்லாமல் அவரிடமும் கேட்டிருந்தால், எழுதிக் கொடுத்தவரிடமே காசு கேட்கிறான் பார் என்று ஊர் பேசியிருக்கும். அந்த இடத்தில் வேறு யார் பேசியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் யோசிக்கிறேன். இதுதான் உண்மைக்குக் கிட்ட இருக்கும் என்று சில நாள் படுகிறது. சந்தாவுக்கு முன்னால் கேள்விகள், “அண்ணனுங்க யாராச்சும் சொல்லுங்க, மோட்டார் பிரிச்சுக் கிடக்குது” என்று வரும். இப்போது, “பணம் கட்டியும் நேத்துல இருந்து பதில் இல்லை” என்று வருகிறது. அவர்கள் எங்களைக் கேட்பதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதே 300 ரூபாயைக் கட்டிவிட்டு, தன் கடையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு காயில்காரர். அவர் எதற்காகக் கடன்பட்டவரைப் போலப் பதில் சொல்ல வேண்டும்? ஊர் வரி கட்டியவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் போய் எனக்குத் தேர் இழுத்துக் காட்டு என்று கேட்பதில்லை. நாங்கள் வாங்கியது தளத்தைப் பராமரிக்கும் காசு. கொடுத்தவர்களுக்கு அது கேள்விக்குப் பதில் வாங்கக் கொடுத்த காசாகத் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் மெட்டாஃபில்டர் என்ற தளம் 2004-லிருந்து புதிதாகச் சேர்கிறவர்களிடம் 5 டாலர் வாங்கியது. ஆயுளுக்கு ஒரே ஒரு முறை. வாசலில் வாங்கியதோடு சரி. படிப்பது எல்லாருக்கும் இலவசம். வருஷா வருஷம் வசூலிக்காததால், இந்த வருஷக் காசுக்கு என்ன கொடுத்தாய் என்ற கேள்வி அங்கே எழ வழியில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 5 டாலரில் அவர்கள் பிழைக்கவில்லை. விளம்பரத்தில் பிழைத்தார்கள். 2012-ல் கூகுள் தேடலில் ஏதோ மாறி, வருமானம் சரிந்து, 2014-ல் ஆளைக் குறைக்க வேண்டி வந்தது. அப்போது உறுப்பினர்கள் தாங்களாகவே கொடுத்துத் தாங்கினார்கள். மனதாரக் கொடுத்த அந்தக் காசு வேறு, சந்தா வேறு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதை நம்பி மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அலுவலகத்தில் புதிதாக ஒரு யோசனை ஓடுகிறது. ஒரு கணக்கு எழுதினால் இத்தனை புள்ளி, புள்ளி சேர்ந்தால் சந்தாவில் கழிவு. எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறார்கள். குறைந்தது நிஜம். ஆனால் “அதுக்கு இது கூலிங்களா” என்று அவர் கேட்டதற்கு, ஆமாம், கூலிதான், இந்தாங்க ரேட் என்று சொல்வதற்குத்தான் இது சமம். நான் ஒப்பவில்லை. கணக்குகளைப் படிப்பதை எல்லாருக்கும் திறந்துவிடலாம், கேள்வி கேட்கிறவர்களிடம் மட்டும் நுழையும்போது ஒருமுறை வாங்கலாம், வரவு செலவை நோம்பிக் கணக்கு வாசிப்பது மாதிரி வருஷம் ஒருமுறை எல்லார் முன்னாலும் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் சரிபார்ப்பவர் சம்பளம் வருமா என்று கேட்டார்கள். முழுசாக வராது என்பது எனக்கே தெரியும். அதனால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

காங்கயம் ஒன்றும் தூரமில்லை, நேரில் போய்க் கேட்டுவிடலாம். கேட்டால், கண்ணு முன்னைப்போலத் தெரியறதில்லீங் தம்பி என்றுதான் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் மறு சந்தாவுக்கான அறிவிப்பு போகிறது. அவர் பெயரை மட்டும் எடுத்துவிடட்டுமா என்று உடன் வேலை பார்க்கும் பையன் கேட்டான். வேண்டாம், எல்லாருக்கும் போகிற மாதிரியே அவருக்கும் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.