டிரைவ்தானே, கழற்றி மாட்டிவிடலாம்

படகைக் கரையேற்றி, பின்னால் தொங்கும் டிரைவின் அடித்திருகை மெக்கானிக் அண்ணன் கழற்றினார். கியர் ஆயில் வரவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ வழிந்தது. திருகின் காந்த நுனியில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. அவர் அதை விரலில் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ளே போய் ரொம்ப நாளாச்சு தம்பி. பல்லெல்லாம் தேஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு வயிறு கலங்கியது. மச்சானுக்கோ முகம் மலர்ந்தது. படகில் அவருக்கும் பாதிப் பங்கு. பழையதைச் சரிசெய்யாமல் இரட்டை ப்ரொப்பெல்லர் டிரைவாகவே போட்டுவிடலாம் என்ற ஆசை அவருக்கு வெகுகாலமாக உண்டு; வாய்ப்புத்தான் இல்லாமல் இருந்தது.

எங்களுடையது ஸ்டெர்ன் டிரைவ் படகு. எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும், டிரைவ் என்கிற கால் மட்டும் பின்பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினின் சுழற்சி பின்பக்கம் போய், கியரில் திரும்பிக் கீழே இறங்கி, மறுபடி கியரில் திரும்பி ப்ரொப்பெல்லருக்குப் போகும். ஸ்வீடனின் வால்வோ பென்டா நிறுவனம் 1959இல் அக்வாமாட்டிக் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து உலகம் முழுக்க இப்படித்தான் சுற்றி வளைத்து ஓடுகிறது.

மச்சான் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்துவிட்டு வந்தார். "மாப்ள, ஸ்வீடன்காரன் ஜான் எரிக்சன், பெரிய கண்டுபிடிப்பாளன், 1836லயே எதிரெதிரா சுத்தற ரெட்டை ப்ரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கிட்டான். வால்வோ பென்டா 1982ல டுவோப்ராப்னு ரெட்டை ப்ரொப்பெல்லர் டிரைவே போட்டுட்டான். நாம இன்னும் ஒத்தை ப்ரொப்பெல்லரோட திரியறோம்." ஏதோ எரிக்சன் எங்களுக்காகவே காத்திருந்து ஏமாந்துபோன மாதிரி பேசினார்.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஒற்றை ப்ரொப்பெல்லர் ரிவர்ஸில் படகின் வாலை ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று அடித்துவிடும், படகு நேராகப் பின்னால் போகும். இறகுகளின் பரப்பும் கூடுவதால் தண்ணீரில் பிடிப்பு அதிகம். நின்ற இடத்திலிருந்து படகு சட்டென்று எழும்பும். உச்ச வேகம் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இதில் மச்சானுக்குப் பிடித்தது முதல் பாயின்ட். படகுத்துறையில் அவர் இடித்த இடியெல்லாம் இதுவரை அந்த ஒற்றை ப்ரொப்பெல்லரின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"டிரைவ்தானே, ஆறு நட்டு. கழற்றி மாட்டிவிடலாம்" என்றார்.

ஆறு நட்டு என்பது உண்மை. பழையது கழன்றும் வந்துவிட்டது. புதிய டிரைவைப் பக்கத்தில் கொண்டுபோனபோதுதான் அண்ணன் தலையைச் சொறிந்தார். எங்கள் பின்பலகையில் இருந்த தாங்கிக்கும் இதற்கும் பொருந்தாதாம், தாங்கியையும் மாற்றவேண்டுமாம். தாங்கியின் போல்ட்டுகள் படகுக்கு உள்ளேயிருந்து முடுக்கியவை, எஞ்சின் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எஞ்சினைத் தூக்கவேண்டும். தூக்கினோம். அப்புறம் இன்னொன்று தெரிந்தது: எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் பழைய டிரைவின் வயிற்றுக்குள் இருந்தது. புதியதில் பம்ப்பே கிடையாது. எஞ்சினின் முன்பக்கம் தனி பம்ப், அதற்கு பிராக்கெட், பெல்ட், குழாய். டிரைவை விற்றவர் போனில் "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்றார். எல்லாரிலும் நாங்கள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

யார்டில் வேடிக்கை பார்க்க வருபவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எஞ்சின் அந்தரத்தில் தொங்கும்போது சரியாக வந்து "எஞ்சினைத் தூக்காமலே மாத்தலாமே" என்பார் ஒருவர். இன்னொருவர், அடிப்பாகத்துக்கு அடித்த பாசித்தடுப்பு பெயின்ட் மிச்சமிருக்கிறது, டிரைவுக்கும் ஒரு கை அடித்துவிடட்டுமா என்று டப்பாவோடு வந்து நின்றார். செம்பு கலந்த பெயின்ட். டிரைவின் உடம்பு அலுமினியம். உப்புத் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்தைத்தான் அரிக்கும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அலைன்மென்ட். எஞ்சினைத் திரும்ப இறக்கியபின், வெளியிலிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டை, பின்பலகைத் தாங்கியில் இருக்கும் ஜிம்பல் பேரிங் வழியாக உள்ளே விட்டு, டிரைவின் தண்டு வந்து சேரும் எஞ்சினின் கப்ளரில் நுழைக்கவேண்டும். எஞ்சின் துளி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் தண்டு போகாது. அண்ணன் அதன் நுனியில் கிரீஸ் தடவி நுழைத்து, உருவி, கிரீஸில் விழுந்த கோடுகளை டார்ச் அடித்துப் பார்ப்பார். கோடு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் எஞ்சினைத் தாங்கும் முன் மவுன்ட்டின் நட்டைக் கொஞ்சம் திருப்புவார். மறுபடி தடவல், மறுபடி உருவல். மச்சான் பொறுமையிழந்து, "இப்போ போகுதே அண்ணே" என்று தண்டை முஷ்டியால் குத்தி உள்ளே தள்ளினார். "ரெண்டு விரல்ல போகணும் தம்பி" என்று அண்ணன் அதை இரண்டு கையால் பிடுங்கி எடுத்தார். அன்று பொழுது அதிலேயே போனது.

பெல்லோஸ் மாட்டும் படலத்தை நான் எழுதப்போவதில்லை. டிரைவுக்கும் பின்பலகைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் துருத்தி, இரும்புக் கிளாம்ப், விரல் நுழையாத இடம். அது கிழிந்தால் படகே முழுகும் என்பதால் யாரும் அவசரப்படவும் முடியாது.

கியர் ஆயிலைக் கீழேயிருந்து மேல்நோக்கித்தான் ஏற்றவேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழே ஆயில் ஏற்றிக்கொண்டிருந்த கைப்பம்ப்பை எடுத்துச் சட்டென்று கீழ்த் திருகைப் போடவேண்டும். வரிசை மாறினால் ஏற்றியதெல்லாம் சட்டையில். மச்சானின் சட்டை அன்று புதுசு.

கடைசியில் படகை இறக்கினோம். முதல் ஓட்டத்தில் படகு துள்ளி எழும்பியது, ஆனால் முழு திராட்டிலிலும் எஞ்சின் எட்டவேண்டிய சுற்றை எட்டவில்லை. ப்ரொப்பெல்லரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறவேண்டிய தூரம், அதிகம். ஒரு இன்ச் பிட்ச் குறைத்தால் ஏறக்குறைய 150இலிருந்து 200 ஆர்பிஎம் கூடும். ஆக, பெட்டி பிரித்த வாசனை போவதற்குள் புது ப்ரொப்பெல்லர் ஜோடியை மாற்றக் கொடுத்தோம். ஜோடியாகத்தான் மாற்றவேண்டுமாம். இரட்டையின் அருமை அப்போது நன்றாகப் புரிந்தது.

புது ஜோடி வந்தபின் மச்சான்தான் ஓட்டினார். வளைவில் படகு ஒட்டிக்கொண்டு திரும்பியது. படகுத்துறைக்கு வந்து ரிவர்ஸ் போட்டார். படகு இம்மி பிசகாமல், கோடு போட்டதுபோல் நேராகப் பின்னால் போய், பக்கத்துப் படகின் மீது மோதியது.

அண்ணன் கரையில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மச்சான் அவரைப் பார்த்தார், டிரைவைப் பார்த்தார், வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"காத்து அண்ணே" என்றார்.