பல்லுக்குக் கம்பி போட எந்த வயது?

இங்கிலாந்துக்குக் குடிவரும் நம் குடும்பங்கள் முதலில் ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுகின்றன, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் பிடித்துவிடுகின்றன. பல் மருத்துவரை மட்டும் வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஊரில் அப்படித்தான் பழக்கம். ஆனால் வளரும் பிள்ளை வீட்டில் இருந்தால், வந்ததும் செய்ய வேண்டிய வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2016-இல் திருச்சியிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு வந்தோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பல் மருத்துவம் இலவசம். ஆனால் புதிதாக ஆள் சேர்க்கும் மருத்துவமனை கிடைப்பதுதான் பெரும்பாடு. பக்கத்தில் இருந்த எல்லா இடத்திலும் இப்போது இடமில்லை என்ற பதில்தான். கடைசியில் பேருந்து ஏறிப் போகும் தூரத்தில் ஒன்று கிடைத்தது. தூரமாக இருந்தாலும் சேர்ந்துவிடுவது நல்லது. கம்பி போடும் நிபுணரிடம் பெரும்பாலும் இந்தப் பொதுப் பல் மருத்துவர் எழுதி அனுப்பித்தான் போக முடியும்.

மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வீடியோ அழைப்பில் பார்த்த அம்மா பதறிப்போனார். "பொம்பளப் புள்ளடி, இப்பவே கிளிப் போட்டுடு. அப்புறம் பல்லு கெட்டிப்பட்டுடும்." எனக்கும் அந்தக் கவலைதான். மருத்துவர் பார்த்துவிட்டு, இப்போது எதுவும் செய்ய வேண்டாம் என்றார். மேல் கோரைப்பற்கள் இறங்குவதற்கு முன், ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை, இந்த இடைவெளி பல பிள்ளைகளுக்கு இருக்கும். கோரைப்பல் இறங்கும்போது பக்கத்துப் பற்களை நெருக்கித் தள்ளுவதால் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும் என்று விளக்கினார். அதோடு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லா முடிவுக்கும் அடிப்படையானது. கம்பிக்கு இதுதான் வயது என்று ஒன்று கிடையாது, காத்திருந்தால் இந்த வாய்க்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள் என்றார்.

காத்திருந்தால் நஷ்டம் வரும் குறைகள் சில இருக்கின்றன. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பது, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குவது, ஐந்தாறு வயது தாண்டியும் விரல் சூப்புவதால் முன்பற்கள் கடித்தாலும் சேராமல் திறந்தே நிற்பது. இவற்றை எட்டு, ஒன்பது வயதிலேயே கவனிப்பார்கள். கோரைப்பல் இன்னும் முக்கியம். ஒன்பது, பத்து வயதில் மருத்துவர் மேல் ஈறை விரலால் தடவிப் பார்ப்பார். கோரைப்பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்து, அது அண்ணத்துப் பக்கம் திசைமாறிப் போகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வயதில் தெரிந்தால், பால் கோரைப்பல்லைப் பிடுங்கிவிடுவதாலேயே பல நேரம் நிரந்தரப் பல் சரியான வழிக்கு வந்துவிடும். தெரியாமல் விட்டால் உள்ளேயே படுத்துக்கொண்டு, பக்கத்து முன்பல்லின் வேரை அரிக்கவும் செய்யலாம். வெளியே பார்க்க அழகாக வரிசையாக இருக்கும் வாயிலும் இது நடக்கும். பல் கோணலாக இல்லையே, எதற்கு மருத்துவர் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மகளின் கோரைப்பற்கள் ஒழுங்காக இறங்கின, இடைவெளியும் மூடியது. ஆனால் பதினொரு வயதில் வேறொன்று தெரிந்தது. கீழ்த்தாடை பின்தங்கியிருக்க, மேல் முன்பற்கள் தூக்கிக்கொண்டு நின்றன. உதடு மூட அவள் சிரமப்பட்டாள். இப்படி முன்னால் நிற்கும் பற்கள் விழுந்தாலோ பந்து பட்டாலோ எளிதில் உடையும். பள்ளியில் அவள் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. தாடை வேகமாக வளரும் பருவத்தில் கழற்றி மாட்டும் கருவி போட்டால் அந்த வளர்ச்சியோடு சேர்ந்து கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதம், சரியாகும். அந்தப் பருவம் பெண்களுக்கு ஏறக்குறைய பதினொன்றிலிருந்து பதின்மூன்று, ஆண்களுக்குச் சற்றுப் பின்னால். வளர்ச்சி முடிந்த பிறகு வந்தால் பல்லைப் பிடுங்கி இடம் செய்யவோ, கடுமையாக இருந்தால் தாடையில் அறுவை சிகிச்சை செய்யவோ நேரலாம். ஆக, இங்கே காத்திருப்பதில் நஷ்டம் இருந்தது.

மேல் முன்பற்கள் எவ்வளவு முன்னால் நிற்கின்றன என்று நிபுணர் ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். ஏழு மில்லிமீட்டர். என்.ஹெச்.எஸ்.ஸில் கம்பி இலவசமாகக் கிடைக்குமா என்பதை முடிவு செய்ய ஐ.ஓ.டி.என். என்ற தரவரிசை இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. நாலும் ஐந்தும் என்றால் சிகிச்சை உண்டு. மூன்றாக இருந்தால், தோற்றத்துக்கான தனிப் பட்டியலில் ஆறு அல்லது அதற்கு மேல் வந்தால்தான் உண்டு. முன்பல் ஆறு மில்லிமீட்டரைத் தாண்டி முன்னால் நின்றால் நாலாம் தரம், ஒன்பதைத் தாண்டினால் ஐந்து. பிள்ளைக்கு எவ்வளவு ஆசை, பெற்றவர்களுக்கு எவ்வளவு கவலை என்பதற்கெல்லாம் அந்த அளவுகோலில் இடமில்லை. முதலில் எனக்கு அது இரக்கமற்றதாகப் பட்டது. பிறகு யோசித்தால், பெண்ணின் பல்லைக் கல்யாணச் சந்தையை வைத்தே பேசிப் பழகிய எங்களுக்கு, அவள் கடிக்க, மெல்ல, உதடு மூட என்ன தேவை என்று மட்டும் பார்க்கும் ஒரு கணக்கு நிம்மதியாகவே இருந்தது.

தகுதி கிடைத்தாலும் வரிசை உண்டு. பல ஊர்களில் மாதக்கணக்கு, சில இடங்களில் அதற்கும் மேல். 18 வயது நிறைந்துவிட்டால், தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கடுமையான குறைகளைத் தவிர என்.ஹெச்.எஸ். பொதுவாகக் கம்பி போடாது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளோடு இங்கே வருபவர்கள் இதனால்தான் முதல் மாதமே கேட்டுவிட வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்களில் பாதிப்பேர் ஒரு கணக்குப் போடுவார்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது திருச்சியிலோ சென்னையிலோ போட்டுக்கொண்டு வந்துவிட்டால் என்ன? வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. "ஒரே நாள்ல போட்டுடலாம், எதுக்குக் காத்துக் கிடக்கணும்" என்றார் அத்தை. போடுவது ஒரே நாள்தான், அத்தை சொன்னது சரி. ஆனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பியைச் சரிசெய்ய வேண்டும், முடிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். நடுவில் ஒரு பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்றால் பார்க்க ஆள் வேண்டும். ஒருவர் தொடங்கிய சிகிச்சையை இன்னொரு நாட்டு மருத்துவர் பாதியில் ஏற்றுக்கொள்ளத் தயங்குவார், ஏற்றுக்கொண்டாலும் புதிதாகக் கட்டணம் வரலாம். இரண்டு வருடம் எந்த ஊரில் இருக்கப் போகிறோமோ அங்கேதான் தொடங்க வேண்டும். வேலை மாற்றலோ, திரும்பிப் போகும் எண்ணமோ இருந்தால், கோணல் மட்டுமே குறை என்றால் தள்ளிப்போடுவதே மேல்.

மகளுக்கு முதலில் போட்டது ட்வின் பிளாக். வில்லியம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1970-களில் உருவாக்கியது. மேலும் கீழும் மாட்டும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், கடிக்கும்போது ஒன்றோடொன்று சரிந்து கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும். ஆரம்பத்தில் பேச்சு குழறியது, எச்சில் ஊறியது. வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் எப்படி என்று அழுதாள். ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், சில நாள் அவளைக் கேட்காமல் விட்டார்கள். வீட்டில் திருக்குறளைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். ழகரமும் றகரமும் திரும்பி வந்தபோது ஆங்கிலமும் திரும்பிவிட்டது.

அதற்கடுத்து ஒட்டும் கம்பி. முறுக்கு, தட்டை, சீடை, வேர்க்கடலை உருண்டை எல்லாம் தீபாவளிக்குக்கூட இல்லை. இட்லி, தயிர்ச்சோறு, பொங்கல் காப்பாற்றின. எங்கள் சமையலுக்கே உரிய ஒரு சங்கதியை மருத்துவரும் சொல்லவில்லை, நாங்களேதான் கண்டுபிடித்தோம். பிராக்கெட்டைச் சுற்றிப் போடும் நிறமற்ற ரப்பர் வளையங்கள் ஒருவேளைச் சாம்பாரிலேயே மஞ்சளாகிவிடும். அடுத்த முறை கருநீலம் கேட்டு வாங்கினாள். பல் துலக்குவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குத் தங்கினால், கம்பி எடுத்த பிறகு பல்லில் வெள்ளைத் திட்டுகள் நிலைத்துவிடும். சரியாகத் துலக்காத பிள்ளைக்கு நிபுணர்கள் கம்பி போடவே மாட்டார்கள், அது நியாயமும்கூட.

கம்பியை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கு நகரும், இருபது வயதில் மட்டுமில்லை, நாற்பதிலும். நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை இரவில் மாட்ட வேண்டும். என்.ஹெச்.எஸ். ஒரு வருடம் கவனிக்கும், அதன்பின் செலவு நம்முடையது. பள்ளியில் டிஷ்யூவில் சுற்றி வைத்துக் குப்பையில் போய்விடுவதும், வெந்நீரில் கழுவி வளைந்துபோவதும்தான் அடிக்கடி நடப்பவை.

மகனின் கதை வேறு. பன்னிரண்டு வயதில் அளந்தபோது இரண்டாம் தரம். கீழ் முன்பற்கள் இரண்டு லேசாகத் திரும்பியிருந்தன, அவ்வளவுதான். இலவசம் கிடையாது, தனியாருக்குப் போனால் ஆயிரக்கணக்கான பவுண்டு. அவன் கடியில் குறையில்லை, நன்றாகத் துலக்குகிறான், கோணல் மட்டும்தான். அது பதினெட்டிலும் முப்பதிலும் இதே சுலபத்தில் நேராகும். காத்திருப்பதில் நஷ்டம் இல்லாததால் முடிவை அவனிடமே விட்டோம். "இப்ப வேண்டாம்மா" என்றான். அக்காவுக்குச் செய்து தம்பிக்குச் செய்யவில்லையே என்று சொந்தத்தில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பல்லுக்குத் தகுந்தபடிதானே செய்ய முடியும்?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு நாற்பத்தைந்து வயதில் ஆசை வந்தது. சின்ன வயதிலிருந்து வாயை மூடியே சிரித்தவர். பெரியவர்களுக்கும் பல் நகரும், அதற்கு வயது வரம்பு இல்லை. தாடை எலும்பு வளராது என்பதால் கடியை மாற்றுவதுதான் கடினம். அலைனர் என்ற, பல்லை நகர்த்தும் நிறமற்ற பிளாஸ்டிக் உறையைத் தபாலில் அனுப்பும் விளம்பரங்களைப் பார்த்து ஆரம்பித்துவிடலாமா என்றார். நான் சம்மதிக்கவில்லை. அப்படித் தபாலில் அனுப்பிவந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது பலர் சிகிச்சை பாதியில் நின்றதைப் படித்திருந்தேன். பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் இணையதளத்தில் நிபுணர் பட்டியலைப் பார்த்து, நேரில் சோதிக்கும் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது ஈறை. இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஈறில் ரத்தம் கசிந்தது, ஒன்றிரண்டு இடத்தில் எலும்பு இறங்கியிருந்தது. ஈறு நோய் அடங்காமல் பல்லை நகர்த்தினால் பல்லே ஆட்டம் காணும் என்றார். இப்போது ஈறு சுத்தம் செய்யும் சிகிச்சை நடக்கிறது, சர்க்கரையும் இறங்கி வருகிறது. ஈறில் ரத்தம் நின்றதும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், கம்பியைப் பற்றி அப்போதுதான் பேச்சு.