முதலாம் ஆண்டு மாணவர்களை ரோபோ செய்ய வைத்த அனுபவம்

எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு, இரண்டாம் செமஸ்டரில் குழுவாக ஒரு ரோபோ செய்ய வேண்டும். கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, குறுக்கே எதாவது இருந்தால் நின்று, கடைசியில் ஒரு சின்னப் பெட்டியை இறக்கி வைக்கும் வண்டி. ஐந்து பேருக்கு ஒரு வண்டி. ஐந்து பேரில் ஒருவன், புரோகிராம் எழுதி மோட்டார், சென்சார்களை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டைப் பள்ளியிலேயே பழகியவனாக இருப்பான். எல்லாவற்றையும் அவனே செய்துவிடுவான். ஒரு பெண் ரெக்கார்டு எழுதுவாள். ஒருவன் காசு வசூலிப்பான். மீதி இரண்டு பேர் டெமோ அன்று வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த ஒயர் எங்கே போகுது?" என்று கேட்டால் நான்கு பேரும் அந்த ஒருவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

போன வருடம் இந்த லேப் என் பொறுப்புக்கு வந்தது. குழு பிரிப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்பதை மட்டும்தான் துறையில் கேட்டு வாங்கினேன். செமஸ்டரின் முதல் பகுதியில் குழுவும் கிடையாது, ரோபோவும் கிடையாது. ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு மல்டிமீட்டர். தன் கையால் மோட்டாரை முன்னும் பின்னும் ஓடவைத்துக் காட்டாதவர்களுக்குக் குழுவில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் செமஸ்டரில் எல்லாப் பிரிவினரும் பைத்தான் என்ற புரோகிராம் மொழியைப் படித்திருந்தார்கள். பயிற்சி லேபில் மாடிப்படி ஒயரிங், சால்டரிங் எல்லாம் உண்டு. ஆனால் இவற்றுக்குள் ஒரு தொடர்பு இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியாது. பைத்தான் பழகிய கை ஆர்டுயினோவில் செமிகோலனை மறக்கும். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கரன்ட் பற்றிய பயமும் அலட்சியமும்தான் லேசில் போவதில்லை.

முதல் வகுப்பு பெரும்பாலும் யு.எஸ்.பி. கேபிளிலேயே போய்விட்டது. மலிவு விலை ஆர்டுயினோ போர்டுகளில் லேப்டாப்போடு பேசுவதற்கு சி.எச்.340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவர் மென்பொருள் இல்லாத லேப்டாப்பில் போர்ட் பெயரே வராது. டிரைவர் போட்ட பிறகும் சிலருக்கு வரவில்லை. காரணம், அவர்கள் கொண்டுவந்தது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். உள்ளே டேட்டா ஒயரே கிடையாது. லேப்டாப் இல்லாதவர்களை டிங்கர்கேடில் உட்கார வைத்தேன். பிரவுசரிலேயே சர்க்யூட் போட்டுப் பார்க்கலாம், இலவசம். ஆனால் அதில் ஒயர் கழன்று விழாது, பேட்டரி சோர்ந்து போகாது. அதனால் அங்கே பழகியதை மேசையில் இன்னொரு முறை செய்யவைத்தேன்.

பேட்டரிக்கு நான் கொடுத்த நேரத்தைப் பார்த்துச் சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். கடையில் கிடைக்கும் சதுரமான 9 வோல்ட் பேட்டரியைத்தான் பிள்ளைகள் முதலில் வாங்கி வருவார்கள். மல்டிமீட்டரில் வைத்தால் 9க்கு மேல் காட்டும். "பாருங்க மேம், புதுசு." சரி, இரண்டு மோட்டாரை மாட்டி, சக்கரத்தை விரலால் லேசாகப் பிடி, இப்போது படி என்பேன். எண் மளமளவென்று இறங்கும். அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் மின்தடை அதிகம்; மோட்டார் கேட்கும் கரன்ட்டை அதால் கொடுக்க முடியாது. அதே பேட்டரியில் ஆர்டுயினோவும் இருந்தால், வண்டி கிளம்பும்போதெல்லாம் அது ரீசெட் ஆகும். இதை அளந்து பார்க்காதவர்கள் இரவெல்லாம் புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு இரண்டு 18650 லித்தியம் செல்களை வரிசையில் வைத்தோம். பெயரளவில் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர் போர்டு தன் பங்குக்குச் சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மிச்சம் பேட்டரியில் ஓடும் அந்த மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாருக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். செல்களை மட்டும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. என் அலமாரியில்தான் இருக்கும். பையில் சாவிக்கொத்தோடு சேர்ந்து கிடந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

ஒரு மாணவி மோட்டார் திரும்பாமல் வெகுநேரம் போராடினாள். டிரைவருக்குத் தனிப் பேட்டரி, ஆர்டுயினோவுக்கு லேப்டாப் கேபிள். "மேம், லைப்ரரி அப்டேட் பண்ணணுமா?" என்றாள். "ஆர்டுயினோ 5 வோல்ட்னு சொல்லுதே, அது எதிலிருந்து 5?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு கறுப்பு ஜம்பர் ஒயரை எடுத்து ஆர்டுயினோ, டிரைவர் இரண்டின் கிரவுண்டையும், அதாவது வோல்ட்டை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளியை, இணைத்தாள். சக்கரம் சுற்றியது. அன்று முழுக்க மோட்டார் ஓடாதவர்களிடம் எல்லாம் அவள்தான் போய் "கிரவுண்ட் பார்த்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை மிச்சம்.

அதன்பின் குழுக்கள். நானே பிரித்தேன். நண்பர்களோடு சேரவிட்டால் ஹாஸ்டல் ஒரு பக்கம், பஸ்ஸில் வருபவர்கள் ஒரு பக்கம் என்று நிற்கும். நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் குழுவில் ஒருவராவது இருந்தால்தான் லேப் நேரத்துக்குள் வேலை நடக்கிறது. சேஸிஸ் (வண்டிச் சட்டம்), ஒயரிங், புரோகிராம், சென்சார், சோதனைக் குறிப்பு என்று வேலைகளைப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். போன முறை குறிப்பு எழுதியவருக்கு இந்த முறை சால்டரிங் அயர்ன். "அவ கையெழுத்து நல்லா இருக்கும் மேம்" என்ற சிபாரிசை நான் ஏற்கவில்லை.

ஒவ்வொரு குழுவும் நோட்டின் முதல் பக்கத்தில் ஆர்டுயினோவில் ஒயர் மாட்டும் எந்தப் பின்னில் எது என்று எழுதி, ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். இது வெறும் சடங்கு என்று ஒரு குழு பாதியிலேயே விட்டுவிட்டது. அவர்களில் இரண்டு பேர் வண்டியை ஓட்டினார்கள். வேகக் கட்டுப்பாட்டுக்கு 9, 10 பின்கள். இன்னும் இரண்டு பேர் பெட்டி இறக்கும் கையைச் செய்தார்கள். அந்தக் கையைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கு 6ஆம் பின். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அருமை. சேர்த்து ஏற்றியதும் சக்கரங்கள் வேகத்தைச் சொன்னபடி கேட்கவில்லை. புரோகிராம் எழுதியவன் கை செய்தவனையும், அவன் இவனையும் குறை சொல்ல, பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

உண்மையில் இருவர் மேலும் தப்பில்லை. ஆர்டுயினோவின் ஊனோ வகை போர்டில், சர்வோவை இயக்க ஆயத்தமாகக் கிடைக்கும் சர்வோ லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பு, சிப்பின் உள்ளிருக்கும் டைமர் 1ஐ எடுத்துக்கொள்ளும். 9, 10 பின்களில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். வேலையும் அதே டைமரில்தான் நடக்கிறது. சர்வோவை எந்தப் பின்னில் மாட்டினாலும் இந்த இரண்டும் போச்சு. ஆர்டுயினோவின் விளக்கப் பக்கத்திலேயே இது இருக்கிறது, ஆனால் யார் படிக்கிறார்கள்? நான் விடையைச் சொல்லாமல், பாதியில் விட்ட அந்தப் பின்களின் பட்டியலை ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிக்கச் சொன்னேன். அந்த வாரம் சோதனைக் குறிப்பு எழுதிய மாணவன்தான் கண்டுபிடித்தான்: சர்வோ வரியைக் கமென்ட் செய்து முடக்கினால் வண்டி சரியாக ஓடுகிறது. அங்கிருந்து லைப்ரரி விளக்கத்துக்குப் போனார்கள். வேகக் கட்டுப்பாடு 5, 6க்கும், சர்வோ 9க்கும் மாறியது. இந்தச் சண்டை டெமோவுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

டெமோ நடக்கும் ஹாலிலேயே ஒரு வாரம் முன்னதாக ஓட்டிப் பார்க்கச் சொன்னதும் பலன் கொடுத்தது. லேபில் ஒழுங்காக ஓடிய வண்டிகள் அங்கே ஜன்னலோரத்தில் தடுமாறின. வெயிலில் அகச்சிவப்புக் கதிர் ஏராளம், அந்தக் கதிரை வைத்தே கோட்டைப் பார்க்கும் ஐ.ஆர். சென்சாருக்குக் கோடும் தரையும் ஒன்றுபோலத் தெரியும். சிலர் சென்சார் மாட்யூலில் உள்ள சின்னத் திருகைத் திருகினார்கள், சிலர் கறுப்புச் சார்ட் பேப்பரில் சென்சாருக்குப் பாவாடை கட்டினார்கள். பாவாடை கட்டியவைதான் நன்றாக ஓடின.

எல்லா வண்டியும் கடைசிவரை போகவில்லை. சில நடுவழியில் கோட்டை விட்டு விலகின. ஆனால் மதிப்பெண்ணில் பாதி வைவாவுக்கு. சீட்டு எடுத்துப் பெயர் வந்தவர், தான் செய்யாத பகுதியை விளக்க வேண்டும். அந்த மார்க் ஐந்து பேருக்கும் பொது. ஓடாத வண்டியின் குழு ஒன்று, ஏன் ஓடவில்லை என்பதைப் பேட்டரி அளவோடு சொல்லி நல்ல மார்க் வாங்கியது. ஓடிய வண்டியின் குழு ஒன்று அவர்களைவிடக் குறைவாக வாங்கியது. அவர்களுக்குக் கோபம், ஒரு பெற்றோர் போன் செய்தும் கேட்டார். நான் மார்க்கை மாற்றவில்லை.

இந்த முறையையே தொடரலாம் என்று துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்கு ரோபோ ஒன்று பூங்கொத்து கொடுக்க வேண்டுமாம். அந்த வேலையை இரண்டாம் ஆண்டுக்காரர்களிடம் கொடுத்திருக்கிறேன்.