சாமுவேல் பி. ராபர்ட்ஸ்: ஒரு ஏப்ரல் மாச டைரி

ஏப்ரல் 9, 2025. துபாய், ஜெபல் அலி துறைமுகத்துக்கு வெளிய, ஆங்கரேஜ்

இந்தக் கப்பல்ல வேலைக்குச் சைன் ஆன் பண்ணி அஞ்சு நாள் ஆச்சு. லாஞ்ச்ல வந்து ஏறும்போதே பின்பக்கம் பேரைத்தான் பார்த்தேன், எந்தக் கப்பல்ல ஏறினாலும் எனக்கு அது பழக்கம். இப்போ இருக்கிற பேருக்குக் கீழ பழைய பேரோட வெல்டிங் தடம் பெயிண்ட்டுக்குள்ள இருந்து லேசா தெரியுது, கிரைண்டர் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, ஆனா முழுசா போகல. பதினேழு வருஷக் கப்பல், இது மூணாவது பேராம். ஓனர் மாறினா பேரு மாறும், மர்ச்சன்ட் நேவில அது சாதாரணம், யாரும் அதுக்காக வருத்தப்படுறதில்ல.

கடற்படையில கதையே வேற. அங்க கப்பல் போனாலும் பேரு போகாது, அடுத்த கப்பலுக்கு வச்சிடுவாங்க. அமெரிக்க நேவில சாமுவேல் பி. ராபர்ட்ஸ்னு ஒரே பேர்ல மூணு கப்பல் இருந்துச்சு. மூணாவது ஒரு ஃபிரிகேட், துணைக்குப் போற நடுத்தர சைஸ் போர்க்கப்பல். நான் இப்போ நங்கூரம் போட்டு நிக்கிறேனே, இதே பாரசீக வளைகுடாவுலதான் அது கண்ணிவெடில அடிபட்டு நடுமுதுகு உடைஞ்சும் முங்காம தப்பிச்சது. அந்தக் கப்பலுக்கு முக்கியமான தேதி நிறைய ஏப்ரல்லதான் வருது. அதனால இந்த மாசம் அந்தந்தத் தேதி வரும்போது எழுதி வைக்கலாம்னு இருக்கேன்.

ஏப்ரல் 12, 2025. அதே இடம்

39 வருஷத்துக்கு முன்னாடி, 1986ல இதே தேதிலதான் அந்த ஃபிரிகேட்டைக் கடற்படையில சேர்த்தாங்க. கப்பல் நம்பர் எஃப்.எஃப்.ஜி. 58, மெய்ன் மாநிலத்துல பாத் அயர்ன் வொர்க்ஸ்ல கட்டினது. ஆலிவர் ஹஸார்ட் பெர்ரி வகை, 453 அடி நீளம், ரெண்டு கேஸ் டர்பைன், ஒரே ஒரு ஷாஃப்ட். விழாவுக்கு, சண்டையில முங்கின முதல் ராபர்ட்ஸ்ல வேலை பார்த்து உயிரோட மீந்த பெரியவங்களும் வந்திருந்தாங்க.

பேருக்குச் சொந்தக்காரர் அட்மிரலும் இல்ல, ஆபீசரும் இல்ல. சாமுவேல் பூக்கர் ராபர்ட்ஸ் ஜூனியர், 1921ல சான் ஃபிரான்சிஸ்கோல பிறந்தவர், காக்ஸ்வைன். நம்ம பக்கம் சொல்றதுன்னா சுக்கான் பிடிக்கிற ஆளு, சின்னப் படகோட சுக்கானி. 1942 செப்டம்பர் 27, குவாடல்கனால் தீவுல மட்டானிகாவ் ஆத்துப் பக்கம் ஒரு மரீன் படை கரையில ஜப்பான்காரங்ககிட்ட சிக்கிக்கிட்டாங்க. அவங்களை ஏத்திட்டு வர ஹிக்கின்ஸ் படகுங்க போச்சு, பிளைவுட்ல செஞ்ச படகு. இவர் தானா முன்வந்து போனார். மத்த படகுங்க ஆளை ஏத்துற வரைக்கும் தன்னோட படகை எதிரி வரிசைக்கு நேர் முன்னாடி ஓட்டிட்டுப் போய், அவங்க குண்டு எல்லாத்தையும் தன் பக்கம் இழுத்தார். எல்லாரும் ஏறி முடிச்சு இவரும் திரும்புற நேரத்துல படகுல அடி விழுந்துச்சு. மறுநாள் இறந்துட்டார், வயசு 21. அதே வேலையில 27ஆம் தேதியே, அமெரிக்கக் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்ட்ல இருந்த டக்ளஸ் மன்ரோவும் இறந்தார்.

21 வயசுல நான் அஞ்சு மாசக் கேடட், பயிற்சிப் பையன், கப்பலோட அடித்தட்டு பில்ஜைக் கழுவிட்டு இருந்தேன். அந்த வயசுல ஒரு பையன் பிளைவுட் படகுல உக்காந்து சுக்கானைத் திருப்பாம பிடிச்சிட்டு இருந்தான்னு நினைக்கும்போது நெஞ்சு அடைக்குது.

ஏப்ரல் 14, 2025. அதே இடம்

சித்திரை ஒண்ணு. மெஸ்ல குக்கு மாங்கா போட்டுப் பச்சடி வச்சான், வேப்பம்பூ கிடைக்கல, வெல்லம் மட்டும் நம்ம ஊரு வெல்லம். வீட்டுக்குப் பேசிட்டு வந்து கேபின்ல உக்காந்து இதை எழுதுறேன்.

1988 ஏப்ரல் 14. ஈரான் ஈராக் சண்டை எட்டாவது வருஷம். குவைத் டேங்கருங்களுக்கு அமெரிக்கக் கொடி போட்டு அவங்க கடற்படை துணைக்குப் போயிட்டு வந்த காலம் அது. ராபர்ட்ஸ் ஒரு டேங்கர் துணை வேலைய முடிச்சிட்டுத் தனியா வந்துட்டு இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணி நெருங்குற நேரம், முன்னாடி காவல் நின்ன பையன் தண்ணில மிதக்கிற கறுப்பு உருண்டைங்களைப் பார்க்கிறான். கேப்டன் கமாண்டர் பால் ரின் உடனே கப்பலை நிறுத்தச் சொல்லிட்டு, வந்த தடத்துலயே பின்னாடி நகர்ந்து வெளிய வரப் பார்த்தார். பார்த்த கண்ணிய விட்டு விலகிட்டாங்க, பார்க்காத ஒண்ணு அடியில இருந்துச்சு.

அந்தக் கண்ணி எம்-08, ரஷ்யாக்காரன் 1908ல போட்ட டிசைன். உருண்டை மேல கொம்பு கொம்பா நீட்டிட்டு இருக்கும், ஒவ்வொரு கொம்புக்குள்ளயும் ஒரு கண்ணாடிக் குப்பி, குப்பில ஆசிட். கப்பல் இடிச்சா கொம்பு மடங்கும், குப்பி உடையும், ஆசிட் கீழ இருக்கிற தகட்டுல பட்டுக் கரண்ட் உண்டாகும், வெடிக்கும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற வெடிமருந்து 115 கிலோ. ரேடார், ஏவுகணைன்னு எல்லாம் இருந்த கப்பலை எண்பது வருஷப் பழைய டிசைன் ஒண்ணு அடியில இருந்து கிழிச்சிடுச்சு.

வெடிச்சது இடது பக்கம், மெயின் இன்ஜின் ரூம்ல. சுமார் 15 அடி ஓட்டை. ரெண்டு டர்பைனும் பவுண்டேஷன விட்டுப் பிச்சுக்கிச்சு. தீ புகைபோக்கி வழியா மேல எழும்பிச்சு. கீல் முறிஞ்சுபோச்சு. கீல்ங்கிறது முதுகெலும்பு, அது போனா அலை அடிக்க அடிக்கக் கப்பல் நடுவுல மடங்கி மடங்கி நிமிரும், ஒரு கட்டத்துல ரெண்டாப் போயிடும். மெயின் டெக்தான் அன்னிக்குத் தாங்கிப் பிடிச்சுச்சு. மேல இருந்த அலுமினியக் கட்டடம் விரிசல் விட்டுச்சு, அதை ஸ்டீல் கேபிள் கட்டி இறுக்கினாங்க, கிழிஞ்ச துணிய நூல் போட்டுப் பிடிச்ச மாதிரி. இன்ஜின் ரூமுக்கு அடுத்த ரூமுக்கும் தண்ணி கசிய ஆரம்பிச்சது. அதுவும் போயிருந்தா கப்பல் போயிருக்கும். அங்கதான் ஆளுங்க மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஆப்பு அடிச்சு, ஓட்டை ஓட்டையா அடைச்சு நின்னாங்க.

இதுல இன்னொரு கஷ்டம் இருக்கு, இன்ஜின் ரூம் ஆளுங்களுக்குப் புரியும். தீய அணைக்க அடிக்கிற தண்ணியும் கப்பலுக்குள்ளதான் தங்கும். ஒவ்வொரு டன்னும் இன்னும் கீழ இழுக்கும். தீய விட்டா வெடிமருந்து, தண்ணி அடிச்சா முங்கும், ரெண்டையும் அளந்து அளந்து பண்ணணும். அஞ்சு மணி நேரம் பண்ணினாங்க. கரண்டைச் சீக்கிரமே திரும்பக் கொண்டுவந்துட்டாங்க, மெயின் இன்ஜின் இல்லாம அடியில இறக்குற சின்ன மின் மோட்டார் ரெண்டை வச்சு மணிக்கு அஞ்சு நாட் வேகத்துல ஊர்ந்து வெளிய வந்தாங்க. பத்து பேருக்குப் பலத்த காயம், தீக்காயம். ஒருத்தர் கூடச் சாகல.

பேரு விஷயம் எனக்கு ஆழமா இறங்கினது இங்கதான். கப்பல்ல நடைபாதையில ஒரு பித்தளைப் பலகை இருந்துச்சு, 1944ல முங்கின முதல் ராபர்ட்ஸோட ஆளுங்க பேர் எல்லாம் அதுல. தீக்கும் தண்ணிக்கும் நடுவுல அங்கிட்டும் இங்கிட்டும் ஓடின பசங்க, அந்தப் பலகையத் தாண்டும்போது கையால தொட்டுட்டுப் போனாங்களாம். யாரும் சொல்லல, தானா பண்ணினது. கோயில் வாசப்படிய நாம தொட்டுக் கும்பிட்டுப் போவோம்ல, அதே மாதிரிதான் எனக்குத் தோணுச்சு.

ஏப்ரல் 15

வேலை அதிகம், எண்ணெய் சுத்தம் பண்ற பியூரிஃபையர் திறந்து கிடக்கு. ஒண்ணு மட்டும். முன்னாடி நான் இருந்த ஒரு கப்பல்ல, கம்பெனி பேரு வேணாம், தீ மாதிரி அவசரத்துக்கான டிரில் எல்லாம் பேப்பர்ல மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஷீட் வரும், எல்லாரும் கையெழுத்து போடுவோம், எமர்ஜென்சி ஃபயர் பம்ப் எங்க இருக்குன்னே தெரியாதவனும் போட்டிருக்கான். ஒரு நாள் நிஜமாவே தேவைப்பட்டப்போ அந்தப் பம்ப் ஏர் பிடிச்சிட்டுத் தண்ணியே எடுக்கல. சின்னத் தீ, அணைஞ்சிடுச்சு. நானும் கையெழுத்து போட்டவன்தான்.

ஏப்ரல் 18. ஓமன் வளைகுடா

நேத்து விடியக்காலை ஹோர்முஸ் ஜலசந்தி தாண்டினோம். கண்ட்ரோல் ரூம்ல எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருந்தாங்க, இங்க வரும்போது எப்பவும் அப்படித்தான்.

ராபர்ட்ஸ் அடிபட்ட அப்புறம் முக்குளிப்பவங்க இறங்கித் தேடினதுல வேற கண்ணிங்க கிடைச்சது. அதுல இருந்த நம்பர் வரிசையும், ஏழு மாசத்துக்கு முன்னாடி ஈரான் அஜர்ங்கிற கப்பல்ல பிடிச்ச கண்ணிங்களோட நம்பரும் ஒத்துப்போச்சு. நாலே நாள்ல, ஏப்ரல் 18 அன்னிக்கு, அமெரிக்கா ஆபரேஷன் பிரேயிங் மேண்டிஸ்னு இறங்கி ரெண்டு எண்ணெய் மேடைய அழிச்சு, ஈரானோட ஜோஷன், சஹந்த் ரெண்டையும் முங்கடிச்சது.

சஹந்தும் ஃபிரிகேட்தான், அதுவும் பேருள்ள கப்பல், வடமேற்கு ஈரான்ல இருக்கிற ஒரு மலையோட பேரு. அதுல இருந்த பசங்களுக்கும் அம்மா அப்பா இருந்திருப்பாங்க. ஈரான் அந்தப் பேரை விடல, 2018ல புதுசா ஒரு சஹந்தைக் கடற்படையில சேர்த்தாங்க. போன வருஷம் ஜூலையில பந்தர் அப்பாஸ் துறைமுகத்துல ரிப்பேர் நடக்கும்போது தண்ணி புகுந்து அது சாய்ஞ்சுபோச்சு. அதே 1988 ஜூலை 3ல இந்தத் தண்ணிக்கு மேல வின்சென்ஸ்ங்கிற அமெரிக்கக் கப்பல் ஈரான் பயணி விமானத்தைச் சுட்டு 290 பேர் செத்தாங்க. ராபர்ட்ஸ் கதையச் சொல்லிட்டு இதைச் சொல்லாம விட எனக்கு மனசு வரல.

ஏப்ரல் 22. இலங்கைக்குத் தெக்க

தொந்திரா முனை கிட்ட வரும்போது போன்ல டவர் காட்டுச்சு, எல்லாரும் டெக்குக்கு ஓடினோம். ஊர் இங்க இருந்து பக்கம்தான், ஆனா கப்பல் கிழக்க போகுது.

முதல் ராபர்ட்ஸ் பத்தி இன்னும் எழுதலையே. டி.இ. 413, டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்ங்கிற சின்னக் காவல் கப்பல், 306 அடி, ரெண்டே ரெண்டு அஞ்சு இஞ்ச் பீரங்கி. 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸ்ல சமர் தீவுக்கு வெளிய, சின்ன விமானந்தாங்கிக் கப்பல் கூட்டத்துக்குக் காவலா நின்னுச்சு. விடிஞ்சு பார்த்தா எதிர்ல யமட்டோங்கிற ராட்சசப் போர்க்கப்பலோட வந்த ஜப்பான் கடற்படை. கேப்டன் கோப்லாண்ட் மைக்ல ஒளிவு மறைவு இல்லாம சொன்னார், நாம பிழைப்போம்னு எதிர்பார்க்க முடியாது, முடிஞ்ச சேதத்தைப் பண்ணுவோம்னு.

நான் திரும்பத் திரும்ப நினைக்கிறது இன்ஜின் ரூமத்தான். பாய்லர் 440 பி.எஸ்.ஐ. நீராவி அழுத்தத்துக்குக் கட்டினது, அன்னிக்கு 660 வரைக்கும் ஏத்தினாங்க. 24 நாட் போற கப்பல் 28க்கு மேல ஓடுச்சு. எங்க பாய்லர் சேஃப்டி வால்வ் கொஞ்சம் முன்னாடி தூக்கினாலே சீஃப் இன்ஜினியர் சத்தம் போடுவார். 660ல கேஜ் முள்ளைப் பார்த்துட்டு அந்த ரூம்ல நிக்க என்ன மனசு வேணும்னு தெரியல. அதுல நின்னவங்க நிறைய பேர் வெளிய வரவே இல்ல.

பின் பீரங்கியோட தலைவர் பால் கார். முன்னூறு குண்டுக்கு மேல அடிச்சு முடிச்சாங்க. கரண்டு, காத்து எல்லாம் போன பிறகும் கையால தள்ளி அடிச்சாங்க, சூடேறின பீரங்கி உள்ளேயே வெடிச்சது. உள்ள போய்ப் பார்த்தவங்க, உடம்பு கிழிஞ்சு கிடந்த கார் கையில 25 கிலோ குண்டு ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, இதைப் போட உதவி பண்ணுங்கன்னு கெஞ்சினதைப் பார்த்தாங்க. கொஞ்ச நேரத்துல போயிட்டார். கப்பல்ல 90 பேர் இறந்தாங்க, மீதி 120 பேர் ரெண்டு நாளைக்கு மேல தெப்பத்தைப் பிடிச்சிட்டுக் கடல்ல கிடந்தாங்க. பின்னாடி வந்த பெர்ரி வகை ஃபிரிகேட்டுங்கள்ல ஒண்ணுக்குக் கோப்லாண்ட்னும் ஒண்ணுக்குக் கார்னும் பேர் வச்சாங்க. ராபர்ட்ஸுக்கு அவங்க ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்க கணக்கு. (நடுவுல ஒரு ரெண்டாவது ராபர்ட்ஸ் டெஸ்ட்ராயர் 1946ல இருந்து 1970 வரைக்கும் ஓடுச்சு.) முங்கின கப்பலை 2022 ஜூன்ல 6,895 மீட்டர் ஆழத்துல, ரெண்டு துண்டா கண்டுபிடிச்சாங்க.

ஏப்ரல் 28. சிங்கப்பூர் ஜலசந்தி

1944ல முதல் ராபர்ட்ஸ் கடற்படையில சேர்ந்த தேதி இது.

அடிபட்ட ஃபிரிகேட்டை அப்புறம் என்ன பண்ணினாங்கன்னு கேடட் கேட்டான், நாகப்பட்டினம் பையன், வாட்ச்ல சார்னு கூப்பிடுவான், மெஸ்ல அண்ணேம்பான். துபாய்ல கொஞ்சம் ஒட்டுப்போட்டு, மைட்டி சர்வண்ட் 2ங்கிற டச்சுக் கப்பல் முதுகுல ஏத்தி அமெரிக்கா கொண்டுபோனாங்கடான்னேன். அங்க இன்ஜின் ரூம் மொத்தத்தையும் வெட்டி எடுத்துட்டு, 315 டன்ல புது இன்ஜின் ரூம் கட்டி, ஜாக்கி போட்டுத் தூக்கி வெல்ட் பண்ணினாங்க. செலவு 8.95 கோடி டாலர். 1989ல திரும்பக் கடலுக்கு வந்து 2015 மே வரைக்கும் ஓடுச்சு. தூக்கிட்டுப் போன மைட்டி சர்வண்ட்தான் பாவம், 1999ல இங்க இருந்து கொஞ்சம் தெக்க, சிங்கெப் தீவுகிட்ட சார்ட்ல இல்லாத பாறைல தட்டிக் கவுந்தது, அஞ்சு பேர் இறந்தாங்க. இன்னிக்கு ராபர்ட்ஸும் இல்ல, பழைய இரும்பாப் போச்சு.

சாயங்காலம் டிரில். சீஃப் ஆபீசர்கிட்ட கேட்டு ஒரு தரம் முட்டுக் கொடுத்துப் பழகலாம்னு ஏற்பாடு பண்ணினேன். ஸ்டியரிங் கியர் ரூம்ல ஒரு பல்க்ஹெட், அதாவது தடுப்புச் சுவர், ஹோல்டுல சரக்குக்கு அண்டை கொடுக்கப் போட்டிருந்த டன்னேஜ் கட்டை, ரம்பம், சுத்தி. கேடட் அளந்து வெட்டினான், ரெண்டு இஞ்ச் குறைஞ்சுபோச்சு. முகம் சுருங்கிடுச்சு. இன்னொண்ணு எடுத்துக்கோ தம்பின்னேன். ரெண்டாவது சரியா உக்காந்துச்சு, ரெண்டு பக்கமும் ஆப்பு வச்சு மாத்தி மாத்தி அடிச்சான், கடைசி அடில சத்தம் மாறிச்சு, மரம் இறுகின சத்தம். கையால ஆட்டிப் பார்த்தோம், அசையல.

கழட்டிடவான்னு டெக் ஆளுங்களுக்குத் தலைவரான போசன் கேட்டார். நாளைக்குக் கழட்டலாம் அண்ணாச்சி, ராத்திரி வாட்ச் ஆளுங்களும் வந்து பார்க்கட்டும்னு சொல்லிட்டேன்.