சிகிச்சை முடிந்த பிறகு நடப்பதும் உட்கார்ந்திருப்பதும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு இணையத்தில் உடற்பயிற்சி அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாரத்திற்கு 150 நிமிடங்கள் நடக்கச் சொல்லிவிட்டு, நாளின் மற்ற நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கடந்து வந்தவள் என்ற முறையில், அந்த மற்ற நேரம்தான் எனக்குப் பெரும் பாடாக இருந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த 150 வெறும் எண் அல்ல. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பையும் குறைந்தது 2 நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. மூச்சு சற்று வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. மிதமான வேகத்துக்கு அதுதான் அளவு. ஆனால் கீமோதெரபியின் களைப்பு இன்னும் விலகாத ஒருவர் இந்த எண்ணைப் பார்த்தவுடன் மலைத்துப்போய்ப் பக்கத்தை மூடிவிடுவார். அவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று: அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாரத்தில் 3 நாட்கள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவில் சில மாதங்கள் தொடர்ந்தாலே களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன. அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கலாம்.

இனி உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களையும் குறிப்பிட்டு, உட்கார்ந்தும் சாய்ந்தும் கழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. இத்தனை மணி நேரம்தான் உட்காரலாம் என்று அது வரம்பு எதையும் விதிக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு பகுதியை எந்த வகை அசைவாலும், மிக இலேசான அசைவாலும்கூட, மாற்றிக்கொள்வது நல்லது என்று மட்டுமே சொல்கிறது. எனக்குப் பெரிய ஆறுதல் தந்த வரி அது. இந்தக் களைப்பு படுத்து எழுந்தால் தீர்ந்துவிடுகிற சாதாரண அசதி அல்ல. ஓய்வு கூடக் கூடத் தசை மெலிகிறது, தசை மெலிய மெலியச் சிறு வேலைக்கும் உடல் சோர்ந்துபோகிறது. நான் தொடங்கியது நாற்காலியிலிருந்துதான். கைப்பிடிகளை அழுத்தாமல், பாதங்களைத் தரையில் பதித்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து எழுவது, பின் பொத்தென்று விழாமல் மெல்ல உட்காருவது. தொடைகள் நடுங்கும். தொலைபேசி அழைப்பு வரும்போதெல்லாம் இப்படி எழுந்து, நின்றபடியே பேசி முடிப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

அறிவுரையைப் படிப்பதற்கும் அதைக் கடைப்பிடிப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை, 2025இல் முடிவுகள் வெளியான ‘சேலஞ்ச்’ ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரில் ஒரு பிரிவினருக்கு உடல்நலக் கையேடுகள் மட்டும் தரப்பட்டன. மறு பிரிவினருக்கு அவற்றுடன், 3 ஆண்டுகள் கூடவே நின்று வழிநடத்தும் உடற்பயிற்சி ஆலோசகரும் இருந்தார். எட்டாம் ஆண்டில் உயிருடன் இருந்தோர் விகிதம் முதல் பிரிவில் சுமார் 83 சதவீதம், இரண்டாம் பிரிவில் சுமார் 90 சதவீதம். ஓர் இணையப் பக்கம் எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருந்தாலும் அது அந்தக் கையேட்டின் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே பிசியோதெரபிஸ்டோ, கூட நடக்க வரும் உறவினரோ, வாரம் ஒருமுறை அழைத்து விசாரிக்கும் தோழியோ, யாராவது ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இன்னொரு குறை, பொதுவான அறிவுரை ஆளைப் பார்ப்பதில்லை. எலும்புக்கு நோய் பரவியவர் எடை தூக்கினால் எலும்பு முறியலாம். கீமோதெரபியால் பாதம் மரத்துப்போனவருக்குக் கரடுமுரடான பாதையில் நடப்பதைவிட, நிலையாக நிற்கும் சைக்கிளே பாதுகாப்பானது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றவரும், உடற்கழிவைச் சேகரிக்க வயிற்றில் ஸ்டோமா பை வைத்திருப்பவரும் மருத்துவரைக் கேட்ட பிறகே பளுவைக் கூட்ட வேண்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் அன்று பயிற்சியே கூடாது. பின்னிரண்டுக்கும் உடனே மருத்துவ உதவி தேவை.

மார்பக அறுவை செய்துகொண்டவர்களிடம், அந்தப் பக்கத்துக் கையால் எதையும் தூக்காதே என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நிணநீர் வடியாமல் தேங்கிக் கை வீங்கிவிடும் நிணநீர் வீக்கத்துக்கு அஞ்சிச் சொல்வது அது. ஆனால் ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களை வைத்து நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மேற்பார்வையுடன் சிறிது சிறிதாக எடை கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை. எனவே அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, எந்தக் கையால் எவ்வளவு தூக்கலாம், எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும், எந்த அறிகுறி தென்பட்டால் நிறுத்த வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மருத்துவரின் பதிலையும் அதிலேயே குறித்து வாங்கி வாருங்கள்.