மாஸ்ரர் தந்த ஜக்கால்

2025 யூன் 9ஆம் திகதி ஆங்கில நாவலாசிரியர் பிரெடெரிக் ஃபோர்சைத் காலமானார் என்று இங்கே தென்னாபிரிக்காவின் டர்பனில் கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நம் பாடசாலை நூலக விறாந்தையும் எங்கள் ஆங்கில மாஸ்ரரும்தான்.

ஏ.எல். வகுப்பில் அவர்தான், பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்ல வரும் கூலிக் கொலையாளியைப் பற்றி ஃபோர்சைத் எழுதிய 'த டே ஒஃப் த ஜக்கால்' நாவலைத் தந்தார். "டி கோலைச் சுடேலாமல் போகும் எண்டு உனக்கு முதலே தெரியும், எண்டாலும் வாசி, கீழ வைக்க மாட்டாய்" என்றார். இரண்டு இரவில் முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கப் போனால், இறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்துக் கள்ளப் பாஸ்போட் எடுக்கலாம் என்பது இந்த எழுத்தாளருக்கு எப்படித் தெரியும் என்று மாஸ்ரர் கேட்டார். நான் விழித்தேன். "நிருபரடா அவர். தெரிஞ்ச ஆக்களிட்டப் போய்க் கேட்டவர்." 1962இல் டி கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்த காலத்தில் ஃபோர்சைத் ராய்ட்டர் நிருபராகப் பாரிஸில் இருந்தவர்.

அன்று மாஸ்ரர், நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய பையாஃப்ராவைப் பற்றியும் சொன்னார். 1967இல் பி.பி.சி. ஃபோர்சைத்தை அந்த நைஜீரியப் போருக்கு அனுப்பியது, மேலிடத்தோடு முரண்பட்டு 1968இல் விலகி, தனியாகவே திரும்பப் போய், பட்டினியால் வயிறு வீங்கிய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1970 ஜனவரியில் கையில் காசில்லாமல் நின்றபோதுதான் 35 நாளில் ஜக்காலை எழுதி முடித்தார். டி கோல் அப்போது உயிரோடிருந்ததால், முடிவு தெரிந்த கதையை யார் வாங்குவார்கள் என்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. எனக்கு அவருடைய நாவல்களைவிட அந்தப் பையாஃப்ராப் பயணம்தான் பெரிது. பிறகு நம் மண்ணிலும் போர் வந்து, நான் இங்கிருந்து செய்திகளில் ஊரின் பெயரைத் தேடிய இரவுகளில், அப்படி ஒருவர் அங்கே போய் நிற்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்புறம் இந்த நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. தென்னாபிரிக்கா ஆறு அணுகுண்டுகள் செய்து பின் அழித்துவிட்டது என்று 1993 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி டி கிளார்க் அறிவித்தபோது நாங்கள் திகைத்துப்போனோம். 2015இல் வந்த சுயசரிதையில், பிரித்தானிய உளவுத்துறைக்காக அந்தக் குண்டுகளைப் பற்றி வெளிவிவகார அமைச்சர் பிக் போத்தாவிடம் தானே நேரில் கேட்டதாக ஃபோர்சைத் எழுதியிருக்கிறார். அதிலும் போய்க் கேட்டதுதான்!

டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறேன். நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள் என்றுதான் எப்போதும் வீட்டுவேலை கொடுப்பேன். போன மாதம் ஒரு பிள்ளை, கரும்புத் தோட்டத்துக்கு வந்த தன் பூட்டனின் கப்பல் பதிவு எண்ணைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். மாஸ்ரர் இருந்திருந்தால் அவளைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்திருப்பார்.